சைலன்ஸ் கட்டுவது ஆளை அல்ல, இடத்தை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று பகடை உருட்டி ஆடும் விளையாட்டில், சைலன்ஸ் என்பது சத்தத்தை அடக்கும் மந்திரம். "சைலன்ஸ் போட்டால் மந்திரவாதி பத்து நிமிஷம் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு தம்பி எழுதியிருப்பது சரியல்ல. விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் (2014) அது ஆளின் மேல் விழுவதே இல்லை. 20 அடி ஆரமுள்ள ஒரு கோளத்துக்குள் சத்தம் எழாது, வெளிச்சத்தமும் நுழையாது, அவ்வளவுதான். சுவாமிமலைத் தேரோட்டத்தில் அப்படி ஒரு கோளம் இருந்தால், உள்ளே நிற்பவருக்குத் தவிலில் விரல் விழுவது தெரியும், காதில் ஒன்றும் விழாது. நான்கு எட்டு வைத்து வெளியே வந்தால் மறுபடி முழக்கம். மந்திரவாதியும் அப்படி நடந்து வந்துவிடலாம்.

உள்ளேயே நின்றாலும், வாயால் சொல்ல வேண்டிய மந்திரங்கள்தான் தடைபடும். அடுத்தவர் மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல்லுக்குக் கைச்சைகை போதும். சப்டில் ஸ்பெல் என்ற திறமை தெரிந்த சார்சரர் வகை மந்திரவாதிக்கு வாய்ச்சொல்லே வேண்டாம்.

பழைய 3.5 பதிப்பில் சைலன்ஸை ஆளின் மேலேயே போடலாம், அவரோடு நகரும். ஆனால் விருப்பமில்லாதவருக்கு வில் சேவ், அதாவது மன உறுதியால் மந்திரத்தைத் தடுக்கப் பகடை உருட்டும் வாய்ப்பு, உண்டு. தம்பி அதைக் கலந்துவிட்டார் போல.

கும்பகோணத்தில் எங்கள் குழுவிலும் இதே தவறால் ஒரு தோழியை முழுச் சண்டையும் சும்மா உட்கார வைத்தோம். அது இன்னும் உறுத்துகிறது. எதிரி வெளியேறக் கூடாது என்றால், யாராவது கிராப்பிள் செய்து அவனை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும்.