விஜயதசமிக்குச் சேர்ந்த பாட்டு வகுப்பு பொங்கலுக்குள் நின்றுபோகாமல் இருக்க

விஜயதசமியன்று வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு பாட்டு வகுப்பில் வந்து சேருகிறவர்களில் பலரைப் பொங்கலுக்குப் பிறகு பார்க்க முடிவதில்லை. ஆரம்ப சூரத்தனம் என்று இதற்கு நம்மிடம் பேரே இருக்கிறது. "பிள்ளைக்கு ஆர்வம் போயிடுச்சு" என்று பெற்றோர் வருத்தப்படுவார்கள். ஆர்வம் போகத்தான் செய்யும். நாற்பதாவது நாளும் ச ரி க ம என்று போகிற அதே ஆரம்பப் பயிற்சி, அதே சரளி வரிசை என்றால் யாருக்கும் இனிக்காது. இனிக்காத அந்த நாளிலும் பிள்ளை தானாகச் சுருதிப் பெட்டிக்கு முன்னால் போய் உட்காரும்படி வீட்டில் ஏற்பாடு இருந்ததா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முதல் வாரத்திலேயே நடக்கிற தப்பு, ஒரு மணி நேரம் சாதகம் (பாட்டுப் பயிற்சி) பண்ண வைப்பது. பழகாத தொண்டை சீக்கிரமே இறுகிவிடும். மூன்றாம் நாள் குரல் கட்டும், நாலாம் நாள் லீவு, அப்புறம் எல்லாமே லீவு. தொடங்குகிறவர்களுக்கு 12 நிமிடம் போதும் என்பது என் உறுதியான கருத்து. குறைவாகத் தெரிந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சரளி வரிசை, முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் (சுற்று), மொத்தம் 16 எண்ணிக்கை. நொடிக்கு ஒரு எண்ணிக்கை என்றால் 16 நொடி. இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் அதையே இரண்டு தரம் பாடினால் இன்னொரு 16. ஆக 32 நொடி. எட்டு நிமிடத்துக்குள் பதினைந்து தரம் வந்துவிடும். அதற்கு முன்னால் 2 நிமிடம் ச, ப, மேல் ச மூன்றையும் மூச்சு நிற்கும் வரை நீட்டிப் பிடிக்க வேண்டும். கடைசி 2 நிமிடம் அதே வரிசை அகாரத்தில், ஸ்வரப் பெயர் சொல்லாமல் 'ஆ' என்று. ஒரு நாளைக்கு ஒரே வரிசைதான். மூன்றாம் காலத்தை முதல் மாதம் தொடவே வேண்டாம். வேகம் வந்ததும் பிள்ளைக்குப் பெருமையாக இருக்கும், ஆனால் ஸ்வரம் நழுவுவது அந்த வேகத்தில் காதில் விழாமல் போய்விடும்.

நழுவுகிற இடம் பெரும்பாலும் ரி. சரளி வரிசை பாடுகிற மாயாமாளவகௌளை ராகத்தில் சுத்த ரிஷபம் (ரி) ஷட்ஜத்தை (ச) ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்து காந்தாரத்துக்கு (க) பெரிய தாவல். கவனம் கொஞ்சம் தளர்ந்தாலும் ரி மேலே ஏறி நிற்கும். பஞ்சமத்தை (ப) ஒட்டிய தைவதத்துக்கும் (த) இதே கதி. ச ரி ச, ப த ப என்று மெதுவாக நாலு தரம் பாடிவிட்டு வரிசைக்குப் போனால் இது பெரிதும் குறையும். சுருதி இல்லாமல் பாடினால் இந்தத் தப்பு கூடவே பழக்கமாகிவிடும். பிறகு அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

சுருதிக்குப் போன் வேண்டாம். ஆப் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கூடவே வாட்ஸ்அப்பும் வரும். வேறு வழியில்லை என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு உட்காருங்கள். சின்ன எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று வாங்கி, வகுப்பில் பாடும் அதே கட்டையில் (சுருதி உயரத்தில்) வைத்து, பாய்க்குப் பக்கத்தில் பிளக்கிலேயே விட்டுவிடுவது இன்னும் நல்லது. தேடி எடுத்து, துடைத்து, கட்டை சரிபார்த்து என்று நாலு வேலை இருந்தால் அந்த நாலுமே பாடாமல் இருக்கச் சாக்கு.

"சாயங்காலம் டைம் கிடைக்கும்போது" என்று ஒரு நேரமே கிடையாது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுங்கள்: பல் தேய்த்ததும், பால் குடிப்பதற்கு முன்னால். அடுப்பில் குக்கர் ஏற்றுவதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது, விசில் ஊடே வந்தால் சுருதி காதிலிருந்து நழுவிவிடும்.

21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று சுற்றுகிற செய்தியை நம்பாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அவர்கள் பார்த்தது சாப்பாடு, உடற்பயிற்சி மாதிரியான பழக்கங்களை. யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு நடுவாக வந்த கணக்கு 66 நாள், ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணித்துச் சொன்னவை). விஜயதசமியிலிருந்து மார்கழி பிறக்கும்வரை ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். அதுவரை பிள்ளையை உட்கார வைப்பது பெரியவர்கள் வேலை, பக்கத்தில் தானும் உட்கார்ந்து தாளம் போட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் குலைந்துவிடாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். அதனால் மறுநாள் 24 நிமிடம் என்று தண்டனை வேண்டாம், 12தான்.

பரீட்சை நாளா? சுருதியைப் போட்டு மூன்று ச, ஒரு வரிசை, எழுந்துவிடலாம். தொண்டை வலியா? பாட வேண்டாம், அதே இடத்தில் அதே நேரத்தில் உட்கார்ந்து மனசுக்குள் ஸ்வரம் சொல்லித் தாளம் மட்டும் போடட்டும். மகரக்கட்டு உடைகிற பையன்களுக்கு இது ரொம்ப முக்கியம். குரல் உடையும்போது பழைய கட்டையில் கத்த வைக்காதீர்கள். வாத்தியாரிடம் கேட்டுக் கட்டையை இறக்குங்கள், கொஞ்ச நேரம் மட்டும் பாடட்டும். ஆனால் அந்த 12 நிமிடமும் அந்தப் பாயும் அப்படியே இருக்க வேண்டும். குரல் நிலைப்பட்டதும் திரும்பி வர ஒரு இடம் இருக்கும்.

பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே "4ஆம் வரிசை, 2 காலம்" என்று பிள்ளையே எழுதட்டும். இரண்டாம் காலத்தில் ரி ஏறாமல் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் அடுத்த வரிசைக்குப் போகலாம். நிற்கவில்லை என்றால், "இன்னொரு வாரம் இதையே வைங்க சார்" என்று வாத்தியாரிடம் நீங்களே கேளுங்கள்.