நான் ப்ளூட்டோ கட்சி

'லெண்ட் எ பா' கார்ட்டூன் பாத்த எல்லாரும் மிக்கி மவுஸோட நாய் ப்ளூட்டோவுக்குப் பொறாமை, கடைசில திருந்திருச்சுன்னுதான் சொல்றாங்க. எனக்கென்னவோ குத்தவாளி மிக்கி மவுஸ்தான்.

1941ல வந்த டிஸ்னி படம் அது, கிளைட் ஜெரோனிமி டைரக்‌ஷன், பத்து நிமிஷம்கூட ஓடாது. ஒரே பனி, ஆத்துல ஐஸ் மெதக்குது, அதோட ஒரு மூட்டை வருது, உள்ளருந்து அழுகுரல். ப்ளூட்டோ பாடுபட்டு காப்பாத்திப் பாத்தா உள்ள பூனைக்குட்டி! அப்ப அது மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே, சீ போன்னு திரும்பி நடக்குது, குட்டி விட்டாத்தானே, பின்னாலயே வீடு வரைக்கும் வந்துருது. மிக்கி குட்டியைப் பாத்ததும் உருகிப்போய் கொஞ்ச ஆரம்பிச்சிடுறாரு. ஏம்ப்பா, வீட்ல ஏற்கனவே ஒருத்தன் இருக்கானே, நாய் பூனை சேத்து வளக்குறவங்களைக் கேளுங்க, புதுசை கொஞ்ச நாள் தனி ரூம்ல வெச்சு, வாசனை பழக்கி, பழைய ஆளுக்கு கவனிப்பு குறையாம பாத்துக்கிட்டாத்தான் வீடு நிம்மதியா இருக்கும். இவரு எடுத்ததுமே ப்ளூட்டோ கண்ணு முன்னாடி குட்டியைக் கொஞ்சுனா அதுக்குக் காந்தாம என்ன செய்யும்?

அப்புறம்தான் ப்ளூட்டோவோட கெட்ட மனசு குட்டிச் சாத்தானா வந்து ஏத்தி விடுது, நல்ல மனசு தேவதையா வந்து புத்தி சொல்லுது. (1933ல கறுப்பு வெள்ளைல எடுத்த 'மிக்கிஸ் பால் ப்ளூட்டோ'ல இருந்து வந்த கதை இது.) மிக்கி வளக்குற தங்கமீன் விஷயத்துல குட்டியை மாட்டிவிடப் போய் ப்ளூட்டோவே மாட்டிக்குது, மிக்கி வெளிய தொரத்திடுறாரு. பிறகு குட்டி கிணத்துல விழ, ப்ளூட்டோவே காப்பாத்தி, தானும் உள்ள விழுந்து ஐஸ்கட்டியா உறைஞ்சு போகுது.

படத்தை விலங்குகள்மேல இரக்கம் காட்டச் சொல்ற ஒரு அமைப்புக்கு டெடிகேட் பண்ணிருக்காங்க. ஆனா அட்வைஸ் பூராவும் நாய்க்கு! மூட்டை கட்டி ஆத்துல விட்ட புண்ணியவான் யாருன்னு படம் கண்டுக்கவே இல்ல, மிக்கியும் கடைசி வரைக்கும் நல்லவரு.

இதுக்குத்தான் ஆஸ்கார் குடுத்தாங்க. அதே வருஷ போட்டில டாம் அண்ட் ஜெர்ரியோட 'தி நைட் பிஃபோர் கிறிஸ்மஸ்' இருந்துச்சு, அதுலயும் பனி, உறைஞ்சு போறது, மனசு மாறுறது எல்லாம் உண்டு. டாம் ஜெர்ரியை வெளிய பனில விட்டுட்டு நிம்மதியா இருக்க முடியாம தானே போய் உள்ள தூக்கிட்டு வரும். சாத்தான் தேவதை பஞ்சாயத்தெல்லாம் கிடையாது. பதிலுக்கு ஜெர்ரி, டாம் பாலைக் குடிக்கப் போறப்ப தடுத்து, தானே உள்ள ஒளிச்சு வெச்ச எலிப்பொறியை எடுத்துக் காட்டும் பாருங்க, அடேயப்பா! ரெண்டுமே அயோக்கியனுங்க, ரெண்டுக்குமே ஈரம் இருக்கு, ஒருத்தரும் வந்து வசனம் பேசல.

நான் ஜூரில இருந்திருந்தா கண்ண மூடிட்டு டாமுக்குக் குத்திருப்பேன். மிக்கி ரசிகர்கள் வரிசைல வந்து திட்டலாம்.