மினிமம் ட்யூ கட்டினால் வட்டி வராதா?

"கிரெடிட் கார்டில் மினிமம் ட்யூவை (பில்லில் கட்டாயம் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகையை) மட்டும் கட்டினால் போதும், வட்டி வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. லேட் ஃபீ வராது, சிபிலில் (நாம் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் பதிவில்) தவணை தவறியதாகப் பதிவாகாது. அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

40,000 ரூபாய் பாக்கி என்று வையுங்கள். 5 சதவீதம் மினிமம் என்றால் 2,000 கட்டுவீர்கள். மாதம் 3.5 சதவீத வட்டி 1,400, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. ஆக, அசலில் கழிவது சுமார் 350 ரூபாய்! கந்துவட்டிக்காரரைத் திட்டும் நாம் இதை ஆப்பில் சிரித்துக்கொண்டே கட்டுகிறோம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாக்கி முழுதாகத் தீரும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. நேற்று ஆர்டர் செய்த பிரியாணிக்கும் நேற்றிலிருந்தே வட்டி.

தனியாக இருப்பவர்களுக்கு வாடகை, அட்வான்ஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் ஒரே சம்பளத்தில்தான், புரிகிறது. முழுதாகக் கட்ட முடியாத மாதம் வந்தால் முடிந்த அளவு அதிகமாகக் கட்டுங்கள். அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு யுபிஐயில் செலவு செய்யுங்கள். பாக்கி பெரிதென்றால், நல்ல சிபில் இருப்பவருக்குப் பர்சனல் லோன் வட்டியே பெரும்பாலும் இதில் பாதிக்கும் குறைவு. அதை வாங்கி இதை அடைக்கலாம்.

அப்புறம், ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். 'மினிமம்' என்று இருந்தால் 'டோட்டல்' என்று மாற்றுங்கள்.