சிலேட்டில் எழுதிய முறை

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம் நிகழ்ச்சி நிரலில் "பள்ளிக் குழந்தைகளுக்குத் தலைமைப் பண்பு" என்று ஒரு மணி நேரம் ஒதுக்குவதை இனி விட்டுவிடுவோம். என்னைப் போலக் கல்லூரியில் இதை நடத்தும் திட்ட அலுவலராக இருக்கிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரி மாணவர் ஒருவர் மைக் பிடித்து அப்துல் கலாமைப் பற்றிப் பேசுவார், நாலாவது அஞ்சாவது பிள்ளைகள் கைதட்டுவார்கள். மறுநாள் பதாகையைக் கொடுத்துப் பேரணி. நாம் சொல்லிக்கொடுத்த கோஷத்தைத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தானே பழக்குகிறோம்? இதில் தலைமை எங்கே இருக்கிறது?

வந்தவாசிப் பக்கம் நாங்கள் தத்தெடுத்த ஒரு ஊர். முதல் வருஷம் 50 கன்று நட்டோம், வேம்பும் புங்கனும். குழி தோண்டியது, நட்டது, கூண்டு கட்டியது எல்லாம் கல்லூரி மாணவர்கள். குழந்தைகள் கன்றைத் தொட்டபடி போட்டோவுக்கு நின்றார்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் உயிரோடு இருந்தது 4. அறிக்கையில் இன்னும் 50 என்றுதான் இருக்கிறது. எழுதியது நான்தான். இன்றைக்கும் உறுத்துகிறது.

அந்த வருஷம் 12 கன்று மட்டும் எடுத்துப் போனோம். எங்கே நடுவது, யார் தண்ணீர் ஊற்றுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்றேன். சுற்றுச்சுவர் ஓரமாக நாங்கள் சுண்ணாம்பில் குறித்து வைத்திருந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கன்வாடி குழாயடிதான் வேண்டுமாம். "வீணாப் போற தண்ணி அங்கதான் டீச்சர் தேங்குது." மூன்று நாளாக அந்தக் குழாயில்தான் நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அஞ்சாவது படிக்கும் ஒரு பெண் சிலேட்டில் பலப்பத்தால் தண்ணீர் ஊற்றும் முறை எழுதி வைத்தாள், கன்றுக்கு ஒரு பிள்ளையின் பெயர். இரண்டாம் நாளே ஒரு பையன் வரவில்லை, ஆடு மேய்க்கப் போய்விட்டான். கன்று வாடிவிடுமே என்று எங்கள் மாணவி ஒருத்தி வாளியைத் தூக்கிவிட்டாள். பொறு என்று கையைப் பிடித்தேன். முறை எழுதிய பெண் யாரையும் திட்டவில்லை, எங்களிடம் புகார் சொல்லவும் வரவில்லை. சிலேட்டை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, கன்றுக்கு இரண்டு பெயராக எழுதினாள். "ஒருத்தன் ஆட்டுக்குப் போனா இன்னொருத்தன் ஊத்தட்டும்."

ராத்திரி முகாம் கூட்டத்தில் எங்கள் மாணவி எழுந்து சொன்னாள்: "நான் தண்ணி ஊத்தியிருந்தா அவ சிலேட்டை அழிச்சிருக்கவே மாட்டா மேடம்." அவளுக்கு அந்த 7 நாளில் நான் கற்றுக்கொடுத்திருக்கக்கூடியது இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் என்.எஸ்.எஸ். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பதுதான் இதன் முழக்கம். அந்த 'உனக்காக'வை, அந்தக் குழந்தையால் முடிகிற வேலையையும் நாமே செய்து முடிப்பது என்று புரிந்துகொண்டிருக்கிறோம். இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். கூட்டியதையும் பெருக்கியதையும் எழுதிவிடலாம். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அதற்காகச் சாக்கடை அள்ளுகிற வேலையைக் குழந்தைகள் தலையில் கட்டச் சொல்லவில்லை. அது கூடவே கூடாது. அவர்கள் முடிவெடுக்க இடமுள்ள சின்ன வேலையாகப் பார்த்துக் கொடுங்கள்.

முகாம் முடிந்ததும் ஊரை மறந்துவிடவும் கூடாது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் உள்ளூர்த் தன்னார்வலர்களே சாயங்காலம் தோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். அந்த நெருக்கம் வருஷத்தில் ஒரு வாரம் போய் வந்தால் கிடைக்காது. எங்கள் மாணவர்கள் இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போகிறார்கள்.

போன மாதம் நானும் போனேன். 9 கன்று நிற்கிறது. அந்தப் பெண் ஆறாவதுக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். சிலேட்டு இப்போது நாலாவது படிக்கும் ஒரு பையனிடம். முழு ஆண்டு லீவில் யார் ஊற்றுவது என்று கீழே தனியாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தான்.