பதிவாகாத குவரிக்கும் செலவு உண்டு
“மெதுவான குவரிகளை மட்டும் லாக் செய்தால் மற்றவற்றுக்குச் சுமையே இல்லை” என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் குவரிகளை (தரவு கேட்டு அனுப்பும் கட்டளைகளை) லாக் ஃபைலில் பதிவது பற்றிய கட்டுரை சொல்வது பாதிதான் சரி. போஸ்ட்கிரெஸில் குவரியின் மொத்த நேரத்தை மட்டும் பார்த்துப் பதிவு செய்தால் அப்படித்தான். ஆனால் மெதுவான குவரி எப்படி ஓடியது என்ற விவரத்தைத் தானாகவே லாக்கில் எழுதும் ஆட்டோ எக்ஸ்ப்ளெயின் மாட்யூலில், ஒவ்வொரு படியையும் அளக்கச் சொல்லும் ‘லாக் அனலைஸ்’ அமைப்பை ஆன் செய்துவிட்டால் கதையே வேறு. எந்தக் குவரி இழுக்கப் போகிறது என்று சர்வருக்கு முன்கூட்டியே தெரியாதே! அதனால் ஓடுகிற எல்லாக் குவரியிலும் பிளானின் (குவரியை நிறைவேற்றும் படிவரிசையின்) ஒவ்வொரு படியிலும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே போகும், கடைசியில் லாக்கில் ஒரு வரிகூட விழாவிட்டாலும். முன்பு வேலை பார்த்த இடத்தில் இதை ஆன் செய்து, 1 நிமிடத்தைத் தாண்டும் குவரி மட்டும் பதிவாகும்படி வரம்பு வைத்திருந்தார்கள். நெஸ்டட் லூப் (ஒரே படியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் இணைப்பு முறை) அதிகமுள்ள ரிப்போர்ட்டுகள் எல்லாம் மந்தமாயின. லாக் ஃபைல் காலியாகக் கிடந்ததால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. இரண்டு நாள் டேபிள்களின் இண்டெக்ஸைத்தான் (தேடலை வேகமாக்கும் அட்டவணையை) நோண்டிக்கொண்டிருந்தோம். படிக்குப் படி நேரம் பார்க்கும் ‘லாக் டைமிங்’ அமைப்பை மட்டும் அணைத்ததும் பெருமளவு சரியாகிவிட்டது, ஒவ்வொரு படியிலும் வந்த தரவு வரிசைகளின் (ரோ) எண்ணிக்கை அப்போதும் கிடைத்தது. 9.6 பதிப்பிலிருந்து சாம்பிள் ரேட்டும் இருக்கிறது, நூற்றில் ஒரு குவரியை மட்டும் அளக்கச் சொல்லலாம். அப்புறம், லாக்கைத் தனி டிஸ்கில் வைத்தால் போதும் என்று மேலே எழுதிய நண்பருக்கு: லாக் செய்திகளைத் திரட்டி ஃபைலில் எழுதும் போஸ்ட்கிரெஸின் லாகிங் கலெக்டர் எந்தச் செய்தியையும் தவறவிடக் கூடாது என்று எழுதப்பட்டது. சுமை மிகுந்து அது பின்தங்கினால் குவரி ஓட்டும் பிராசஸ்களே காத்து நிற்க நேரிடும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் லாக் வசதியான சிஸ்லாக் அப்படியில்லை, முடியாதபோது செய்தியைக் கைவிட்டுவிடும்.