நடுத்தர நகரத்து மருத்துவக் கல்லூரி என்றால் அவ்வளவு இளக்காரமா?

போன வாரம் தம்பி போன் செய்தான். மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. நல்ல செய்திதான், ஆனால் சொல்லும்போதே குரலில் சுரத்து இல்லை. "தலைநகரத்துல கிடைக்கலக்கா. இது நடுத்தரமான ஊரு. வேற வழியில்லாம சேரணும் போல" என்றான். அப்புறம் போனை அவளிடம் கொடுத்தான். அவள் கேட்ட முதல் கேள்வி: "அங்க படிச்சா நல்ல டாக்டரா வர முடியுமா அத்தை?"

அப்படி ஒரு நகரத்தில் படித்து, அப்படி ஒரு நகரத்திலேயே இருபது வருடத்துக்கு மேல் பொது மருத்துவம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் பிள்ளை மனதில் இந்தச் சந்தேகத்தை விதைத்தது யார் என்று யோசித்தால், நாம் எல்லோரும்தான். ஊரின் அளவை வைத்துப் படிப்பின் தரத்தைச் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அவளுக்கு போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1961இல் கெர் வைட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து ஒரு கணக்கு போட்டார்கள். 1000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஓர் உடல்நலக் கோளாறு வருகிறது. அதில் 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் சேர்வது 9 பேர். வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுவது 5 பேர். பல்கலைக்கழக மருத்துவமனை வரைக்கும் போவது ஒரே ஒருவர். நாற்பது வருடம் கழித்து, 2001இல், வேறு ஆய்வாளர்கள் புதிய தரவுகளோடு இதையே திரும்பக் கணக்கிட்டார்கள். அப்போதும் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு ஒருவரைக்கூட எட்டவில்லை.

ஆயிரத்தில் அந்த ஒருவரை மட்டுமே பார்த்துப் படித்த மாணவர், மீதி இருக்கும் 249 பேருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது. பெரிய மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கு வரும்போதே நோயின் பெயர் தெரியும். மூன்று மருத்துவர்களைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, கையில் கோப்போடு வருவார். ஆனால் காய்ச்சல் தொடங்கிய மூன்றாவது நாள், ஒன்றுமே பிடிபடாத நிலையில், "உடம்பு என்னவோ சரியில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒருவர் எதிரே உட்காரும்போது என்ன செய்வது? எதைக் கேட்பது, எதை விடுவது, யாரை உடனே சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்பி நாளைக்கு வரச் சொல்வது? மருத்துவத்தின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது. நடுத்தர நகரத்து மருத்துவமனையில் இரண்டு வகை நோயாளிகளும் ஒரே வாசலில் வருகிறார்கள். சாதாரணச் சளியும் வருகிறது, சுற்றுவட்டாரத்திலிருந்து அனுப்பப்பட்ட சிக்கலான கேஸும் வருகிறது.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது, இரண்டு மாத இருமலோடு ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். அவரிடம் விவரம் கேட்டு கேஸ் ஷீட் எழுதியது நான். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. பேராசிரியர் என்னைப் பார்த்து, "இவங்க சிகிச்சை முடியற வரைக்கும் நீதான் பார்க்கணும்" என்றார். ஆறு மாதம். இரண்டாவது மாதம் குமட்டல் தாங்காமல் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டதை, என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். பேராசிரியரிடம் சொல்லப் பயம். மாத்திரை சாப்பிடும் நேரத்தை மாற்றி, கல்லீரல் பரிசோதனை செய்து, பேசிப் பேசித் திரும்பத் தொடங்க வைத்தோம். ஆறாவது மாதம் ஏழு கிலோ எடை கூடி வந்து நின்றார். காசநோய் மருந்துகளின் பக்கவிளைவுகளை நான் எந்தப் பாடநூலிலும் அப்படிப் படித்ததில்லை. பெரிய இடத்தில் படித்த என் நண்பர்களில் பலர், நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த நோயாளியைத் திரும்பப் பார்த்ததே இல்லை. அவரை வேறு பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள்.

பெரிய மருத்துவமனையில் நோயாளிக்கும் மாணவருக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சிறப்பு மருத்துவர், அவருக்குக் கீழே உயர் பயிற்சி பெறுபவர், முதுநிலை மாணவர், அப்புறம் பயிற்சி மருத்துவர். வார்டில் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பார்த்துவரும் ரவுண்ட்ஸில் இளநிலை மாணவருக்கு மூன்றாவது வரிசைதான், முன்னால் நிற்பவரின் தோள் மட்டும்தான் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. சில மாணவர்களை ஒரு முழு வருடத்துக்குச் சிறிய ஊர்களில் விட்டுப் படிக்க வைத்தது. தேர்வில் அவர்கள் அடிலெய்டின் பெரிய மருத்துவமனையில் படித்த சக மாணவர்களைவிட நன்றாகவே செய்தார்கள். வரலாற்றில் இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் ஹெர்மன் புர்ஹாவே வெறும் 12 படுக்கைகளை வைத்துக்கொண்டு நோயாளியின் அருகிலேயே பாடம் நடத்தினார். ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்தார்கள். எடின்பரோவிலும் வியன்னாவிலும் மருத்துவக் கல்வியைக் கட்டியெழுப்பியவர்கள் அவரிடம் படித்தவர்கள். லெய்டன் தலைநகரமாக இருந்ததில்லை.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது, அதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன். ஆசிரியர் பற்றாக்குறைதான் முதல் நோய். நான் படித்தபோது ஒரு பாடத்துக்குப் பல மாதம் ஆசிரியரே இல்லை, நாங்களே குழுவாக உட்கார்ந்து படித்து ஒப்பேற்றினோம். அந்தப் பாடத்தில் எனக்கு இருந்த ஓட்டை பின்னால் பல வருடம் உறுத்தியது. உறுப்பு மாற்று, குழந்தைகளுக்கான இதய அறுவை போன்றவை எல்லா ஊரிலும் நடக்காது, நடக்கவும் கூடாது. அத்தகைய கேஸ்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடத்தில் அப்படிப்பட்ட அறுவை செய்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து. அதற்காக மாணவர்களைச் சில மாதம் பெரிய மையத்துக்கு அனுப்பலாம். மற்றபடி எனக்குப் பெரிய பயம், பளபளக்கும் கட்டடமும் காலியான வார்டும் கொண்ட கல்லூரிகள்தான். நோயாளி இல்லாத இடத்தில் மருத்துவம் படிக்க முடியாது.

இப்போது என் முக்கியமான ஆதங்கத்துக்கு வருகிறேன். நகரங்கள் மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று போராடுகின்றன, கிடைத்ததும் கொண்டாடுகின்றன. ஆனால் முதுநிலைப் பயிற்சி இடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு மருத்துவர் முதுநிலைப் பயிற்சியில் இருக்கும் வயதைப் பாருங்கள். இருபதுகளின் பின்பாதியும் முப்பதுகளின் தொடக்கமும். கல்யாணம், முதல் வீடு, குழந்தையின் முதல் பள்ளி, யாரைக் கூப்பிட்டால் உதவி கிடைக்கும் என்கிற தொழில் உறவுகள், எல்லாம் அந்த வருடங்களில்தான் அமைகின்றன. அதை வேறு ஊரில் அமைத்துக்கொண்டவர் எதற்காகத் திரும்பி வரவேண்டும்? அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் முதுநிலைப் பயிற்சியை முடித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே தொழில் செய்கிறார்கள். இளநிலைப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்ட நகரம், ஐந்தாறு வருடம் வளர்த்த பிள்ளைகளைப் பெரிய நகரத்துக்குத் தாரைவார்க்கிறது.

இன்னொன்று, யாரைச் சேர்க்கிறோம் என்பது. நார்வேயின் வடகோடியில் மருத்துவர்களே போகத் தயங்கிய பகுதியில், ட்ரோம்ஸோ நகரத்தில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்க 1968இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. 1993இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே மருத்துவம் முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடிப் பார்த்தது. வடக்கிலேயே வளர்ந்து அங்கே படித்தவர்களில் 82 சதவீதம் பேர் வடக்கிலேயே இருந்தார்கள். தெற்கிலிருந்து வந்து படித்தவர்களில் சுமார் 38 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் நான் மாணவர் சேர்க்கை பற்றிப் பேசும் எல்லாக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். கனடாவில் வடக்கு ஒன்டாரியோ மருத்துவப் பள்ளி 2005இல் சட்பரி, தண்டர் பே என்ற இரண்டு நகரங்களில் தொடங்கியதும் இதே யோசனையில்தான். உலக சுகாதார நிறுவனமும் 2010இல் கொடுத்த பரிந்துரைகளில் இவற்றைச் சொல்லியிருக்கிறது: கிராமப்புறப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேருங்கள், மருத்துவப் பள்ளிகளைத் தலைநகரங்களுக்கு வெளியே கட்டுங்கள்.

செவிலியர், ஆய்வக நுட்பனர், இயன்முறை மருத்துவர், மயக்கவியல் நுட்பனர் பயிற்சிகளும் அதே வளாகத்தில் நடக்கவேண்டும். எனக்கு நரம்பில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தது ஒரு மூத்த செவிலியர், எந்தப் பேராசிரியரும் இல்லை.

தம்பி மகளுக்கு எல்லாம் சொல்லி முடித்ததும், "அப்ப சேரலாமா அத்தை?" என்றாள். பெயரையும் கட்டடத்தையும் விட்டுவிட்டு நாலு விஷயம் விசாரிக்கச் சொன்னேன். தினமும் வெளிநோயாளிப் பிரிவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவர்கள்? முதுநிலை இடங்கள் எந்தெந்தத் துறையில் உண்டு? ஆசிரியர்கள் எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறார்கள்? பதிலை அலுவலகத்தில் கேட்காதே, மூன்றாம் வருட மாணவர்களிடம் கேள் என்றேன்.

நாளை மறுநாள் அப்பாவும் மகளும் நேரில் பார்க்கப் போகிறார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை வார்டு பக்கம் போய், டூட்டியில் இருக்கும் பயிற்சி மருத்துவருக்குப் பக்கத்தில் மூத்தவர் யாராவது நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.