ஞாயிற்றைப் பூட்டக் கேட்பவர்கள் சனிக்கிழமை மாலையையும் பார்க்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுபானசாலைகளைப் பூட்ட வேண்டும் என்ற கோரிக்கை எங்கள் மட்டக்களப்பில் புதியதன்று. கோயில் நிருவாகக் கூட்டத்திலும், பங்குச் சபையிலும், மாதர் சங்கத்திலும் அது அவ்வப்போது எழும், மனுவாக எழுதப்படும், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப்படும், பிறகு அந்த மனு எந்த அலுவலகத்தின் எந்த அலுமாரியில் கிடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாமற் போகும். மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. "குடிக்கிறவன் எப்படியும் குடிப்பான்" என்று கையை விரித்துவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அரசாங்கத்திடம் கிழமையில் ஒரு நாளைத்தான் கேட்டு வாங்க முடியும் என்றால், அந்த நாள் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை மனு எழுதுவதற்கு முன்பு யாராவது கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை இங்கே கேட்கிறேன்.

ஒரு நாள் முழுவதும் கடையைப் பூட்டினால் என்ன நடக்கும் என்பதை அறிய நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மாதந்தோறும் முழுநிலா நாளான போயா தினத்தில் பூட்டுகிறோம். சித்திரை வருடப்பிறப்புக்குப் பூட்டுகிறோம். மதுவொழிப்புத் தினமான ஒக்டோபர் 3 இலும் பூட்டுகிறோம். போயாவுக்கு முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் எந்தச் சந்தியிலுள்ள வைன் ஸ்டோரையாவது கவனித்திருப்பவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. காசுள்ளவர் முழுப் போத்தலாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வார். காசில்லாதவர் மறுநாள் ஒழுங்கைக்குள் இருக்கும் யாரோ ஒருவரிடம், கடை விலைக்கு மேல் இருநூறோ முந்நூறோ கூடக் கொடுத்துக் கால் போத்தல் வாங்குவார். அந்த 'யாரோ ஒருவர்' யார் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியாது. ஆனாலும் போயா தினத்தில் ஊர் ஓரளவு அமைதியாக இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். விலை கூடி, தேடி அலைய வேண்டியும் வந்தால், குடிப்பவர்களில் ஒரு பகுதியினராவது அன்று குடிக்காமல் விடுகிறார்கள். பூட்டுவதால் பயனே இல்லை என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வெளிநாட்டு அனுபவமும் இரண்டு பக்கமும் பேசுகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 1995 இல் ஞாயிறு விற்பனையை அனுமதித்தது. அதன் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மது தொடர்பான வீதி விபத்துகள் அதிகரித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சுவீடனில் அரச மதுக்கடைகளை 2000 ஆம் ஆண்டில் சில மாகாணங்களில் பரீட்சார்த்தமாகச் சனிக்கிழமைகளில் திறந்து பார்த்தபோது விற்பனை ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடியது. அடிதடிக் குற்றங்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடியதாகத் தெரியவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கடைகள் இன்றுவரை பூட்டித்தான் இருக்கின்றன. கடை திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் குடியும் குறையும் என்பது பொதுவாகச் சரி. எந்த நேரத்தைக் குறைக்கிறோம் என்பதுதான் ஊருக்கு ஊர் வேறுபடும். அதைத் தீர்மானிக்க அந்த ஊரில் காசு எப்போது கைக்கு வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்களில் மேசன் வேலைக்கும், தச்சு வேலைக்கும், வீதி வேலைக்கும் போகிறவர்களுக்குக் கூலி பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில்தான் கிடைக்கிறது. நாலரை அல்லது ஐந்து மணிக்கு ஒப்பந்தக்காரர் கணக்குப் பார்த்து, கிழமை நடுவில் வாங்கிய முற்பணத்தைக் கழித்து, மிச்சத்தை எண்ணிக் கொடுப்பார். ஐந்தரை மணிக்குச் சந்திக் கடையின் இரும்புக் கம்பிக்கு முன்னால் நிற்கும் சைக்கிள்களைப் பாருங்கள். ஹாண்டிலில் கரண்டிப் பை தொங்கும்; காற்சட்டை முழுக்கச் சீமெந்துக் கறை காய்ந்திருக்கும்; கம்பிக்கு இடையால் நீட்டும் கையில் அன்று வாங்கிய ஐயாயிரம் ரூபாத் தாள் மடிப்புக்கூடக் கலையாமல் இருக்கும். உள்ளே இருப்பவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கால் போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார். மிச்சக் காசையும் தருவார். முதல் கால் போத்தலோடு வீட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்; அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. பக்கத்து மதிலோடு நின்று குடித்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து அதே கம்பிக்குள் மறுபடியும் கை நீட்டுகிறவரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமையைப் பூட்டி நாம் எதைக் காப்பாற்றப் போகிறோம்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தன் கடன் கொப்பியை எடுத்து விரித்துக் காட்டினார். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். இடப்புறம் வாங்கிய சாமான், வலப்புறம் கட்டிய காசு. சில பக்கங்களில் வலப்புறம் கிழமை தவறாமல் நிரம்பியிருக்கிறது. சனி இரவோ ஞாயிறு காலையோ அந்த வீட்டுப் பெண் வந்து கட்டியிருக்கிறார். வேறு சில பக்கங்களில் இடப்புறத்தில் மட்டும் சீனி, பருப்பு, மா என்று நீண்டுகொண்டே போகிறது. அங்கங்கே நூறு, இருநூறு என்று கழித்திருக்கிறார்கள். "ஞாயித்துக்கிழம பூட்டி என்ன தம்பி, காசி சனிக்கிழம பொழுதுபட முன்னமே போயிருதே" என்றார் அவர். எந்தெந்த வீட்டில் கூலிக்காசு முதலில் மனைவியின் கைக்குப் போகிறது, எந்தெந்த வீட்டில் போகவில்லை என்பதை அந்தக் கொப்பியை வைத்தே சொல்லிவிடலாம். கிழமைக்கடன் கட்ட வேண்டிய பெண்கள் எந்த வீடுகளில் வசூலிக்க வருபவருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள் என்பதையும் ஊகித்துவிடலாம்.

ஆகவே என் கருத்து இதுதான்: கூலிக்காசு ஓர் இரவாவது வீட்டில் இருக்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குக் கடை பூட்டப்பட்டு, ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கப்படும் என்றால், அந்த இடைவெளிக்குள் சம்பளம் வீட்டுக்கு வந்து, கடைக் கடன் கட்டப்பட்டு, ஞாயிறு காலைச் சந்தைக்குப் போய் மீனும் மரக்கறியும் வாங்கி, பிள்ளையின் வகுப்புக் காசும் எடுத்துவைக்கப்பட்டிருக்கும். அதன் பிறகும் குடிக்க விரும்புகிறவர் மிச்சத்தில் குடிக்கட்டும். அதைத் தடுப்பது என் நோக்கமில்லை. திருப்பலிக்குப் போகிறவர்களும், அறநெறிப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களும் ஞாயிறு காலை அமைதியாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் நம் மனுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கிழக்குக் கரையில் ஞாயிறு எல்லோருக்கும் ஓய்வு நாள் அல்ல. காத்தான்குடியிலும், ஏறாவூரிலும், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையிலும் முஸ்லிம் முதலாளிகளிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் வேலை செய்யும் தமிழர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. கணக்கு முடிப்பது வியாழன் மாலை. அவர்களுக்கு ஞாயிறு சாதாரண வேலை நாள். கல்முனைக்கு அருகே பாண்டிருப்பிலோ காரைதீவிலோ இருக்கும் அத்தகைய ஒரு குடும்பத்துக்கு ஞாயிறு பூட்டுவதால் எந்த நன்மையும் கிடைக்காமற் போகலாம். அப்படியான பிரதேசங்களில் சனிக்குப் பதிலாக வியாழன் மாலையை எடுப்பதுதான் பொருத்தம். (ஓய்வு நாள் என்பது வானத்திலிருந்து இறங்கியதல்ல என்பதற்கு நம் நாடே சாட்சி. 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிறாக இருக்கவில்லை. அப்போது நிலவின் நான்கு நிலைகளுக்கும் வந்த போயா நாளும் அதற்கு முதல் நாளும்தான் அந்த இடத்தில் இருந்தன. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை கந்தோருக்குப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.)

சம்பள நாளை வைத்து மதுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் யோசனை என் கண்டுபிடிப்பன்று. கேரளத்தில் மாதத்தின் முதலாம் திகதி மதுக்கடைகளைப் பூட்டும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்குப் போகக்கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே மாநிலம் 2014 ஒக்டோபரில் ஞாயிற்றுக்கிழமைகளையும் மதுவிலக்கு நாட்களாக்கியது. சுற்றுலாத் துறைக்குப் பாதிப்பு என்ற பேச்சு எழுந்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. முதலாம் திகதி நிலைத்தது, ஞாயிறு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. பாசிக்குடா, அறுகம்பை ஆகிய சுற்றுலாக் கடற்கரைகளை வைத்திருக்கும் நாம் இதைக் கவனிப்பது நல்லது.

இனிக் கசிப்பு, அதாவது களவாகக் காய்ச்சும் சாராயம். ஞாயிறு பூட்டுவதை எதிர்ப்பவர்கள் முதலில் தூக்கிப் பிடிப்பது இதைத்தான். அதில் உண்மையும் இருக்கிறது. 2020 மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியதிலிருந்து மே மாத நடுப்பகுதி வரை, இடையில் சொற்ப நேரம் சில இடங்களில் திறந்ததைத் தவிர, நாடு முழுவதும் மதுபானசாலைகள் பூட்டியிருந்தன. அந்த நாட்களில் கசிப்புப் பிடிபட்ட செய்தி இல்லாத பத்திரிகை இல்லை. வாவிக் கரையோரப் பற்றைகளுக்குள், கசிப்புக் காய்ச்ச ஊறவைக்கும் கோடாப் பரல்களைப் புதைத்து வைத்தார்கள். சீனியும் ஈஸ்டும் எங்கே போகின்றன என்று கடைக்காரர்களே பேசிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு மாதம் பூட்டியதில் நடந்ததை வைத்து, இருபது மணித்தியாலம் பூட்டினால் நடக்கப்போவதை அளக்க முடியாது. கசிப்புக் காய்ச்சுகிறவருக்கு நம்பிக்கையான வாடிக்கை வேண்டும். கிழமைக்கு ஒரு முழு நாள் கடை இல்லையென்றால் அந்த நாளை நம்பி அவர் தொழிலை நிலைநிறுத்திக்கொள்வார். ஓர் இரவும் ஒரு காலைப் பொழுதும் அந்த அளவுக்கு அவருக்குக் கைகொடுக்காது என்று நினைக்கிறேன். அது நிச்சயமில்லை, மதுவரித் திணைக்களமும் பொலிஸாரும் சனிக்கிழமை இரவுகளில் எவ்வளவு அக்கறையோடு வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஏழைத் தொழிலாளியை மட்டும் குறிவைப்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உத்தியோகத்தர் ஒருவர் வெள்ளிக்கிழமையே பெட்டியாக வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். நான் சொல்லும் ஏற்பாடு அவரைத் தொடவே தொடாது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவர்கள் கூலி வேலைக்காரர்களிடையே மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவுமில்லை. ஆனால் முழு ஞாயிறு பூட்டினாலும் அந்த உத்தியோகத்தர் தப்பித்துக்கொள்வார். கடை நேரத்தால் தீர்க்கக்கூடிய பிரச்சினை அன்றன்று வாங்கி அன்றன்று குடிப்பவரின் வீட்டு அடுப்புப் பிரச்சினைதான். மற்றதற்கு வேறு வழி வேண்டும். அதை இந்தப் பதிவுக்குள் இழுத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

கொழும்பு இதற்கு இணங்குமா என்பதும் கணக்குத்தான். மதுவரி வருமானம் 2024 இல் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. அந்த ஆண்டில் மட்டும் புதிதாக 360 இற்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டதாக டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பட்டியல் வெளியானது. அவற்றில் 22 கிழக்கு மாகாணத்துக்கு. இப்படிப் பழகிய திறைசேரியிடம் ஆண்டுக்கு 52 நாட்களைக் கேட்டால் மறுமொழி என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடை காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ஐந்து மணித்தியாலம், ஞாயிறு மூன்று மணித்தியாலம், கிழமைக்கு எட்டு. ஆண்டுக்கு 416 மணித்தியாலம். கடை நாளாகக் கணக்கிட்டால் 35 நாட்களுக்கும் குறைவு. ஞாயிறு முழுவதையும் கேட்பதைவிட இது சிறிய கேள்வி. குடும்பங்களுக்குக் கிடைக்கும் பயன் கூடியது.

மனு யாருக்குப் போக வேண்டும் என்பதிலும் நாம் தடுமாறுகிறோம். பிரதேச சபையில் தீர்மானம் நிறைவேற்றிக் கைதட்டிவிட்டு வருகிறோம்; மதுபானசாலை திறக்கும் நாளையும் நேரத்தையும் மாற்றும் அதிகாரம் அந்தச் சபைக்கு இல்லை. அது 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சு வெளியிடும் அறிவித்தல்களால் நடப்பது. ஆகவே மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை எடுத்து, பிரதேச செயலகப் பிரிவு வாரியாகச் சனியா வியாழனா என்று தீர்மானித்து, நிதி அமைச்சருக்கும் மதுவரி ஆணையாளர் நாயகத்துக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். கட்சி வேறுபாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைச் செய்வதில் அவர்களுக்கு என்ன தடை இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. அனுமதிப்பத்திரத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுப்பவர்கள் யார் என்ற பேச்சு 2024 இல் எவ்வளவு நாறியது என்பது அவர்களுக்கும் நினைவிருக்கும்.

இந்த முறை மனு எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது, 'ஞாயிற்றுக்கிழமை' என்ற சொல்லை 'சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி முதல் ஞாயிறு நண்பகல் வரை' என்று மாற்றிவிடுங்கள் என்பதைத்தான். கையெழுத்து வாங்கப் போகும்போது முதலில் அந்தக் கடன் கொப்பி வைத்திருக்கும் பெண்களிடம் போங்கள்; எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதில் என்னைவிடச் சரியான நேரத்தை அவர்கள் சொல்லக்கூடும். நான்கு மணி பிந்திவிட்டது, மூன்றாக மாற்றுங்கள் என்று அவர்கள் சொன்னால், நான் மூன்றுக்கே கையெழுத்து வைக்கிறேன்.